சாணி போட்டதால் தென்னை மட்டையில் வெட்டா?

சாணி போடுவதை நிறுத்த வேண்டாம். குற்றம் சாணியில் இல்லை, தோப்புக்குள்ளேயே மாதக்கணக்கில் கிளறாமல் கிடக்கும் எருக்குழியில்தான். மாடு வாங்கிய பிறகு மட்டைகள் கத்தரியால் நறுக்கியதுபோல முக்கோணமாக வெட்டுப்பட்டு விரிகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அது காண்டாமிருக வண்டின் வேலை. வண்டு குருத்தைக் குடையும், முட்டையை மக்கும் எருவில் இடும்.

நாளைக் காலையில் குழியை ஒரு முழம் ஆழம் கிளறிப் பாருங்கள். விரல் பருமனில், வளைந்து சுருண்ட வெள்ளைப் புழுக்கள் கிடந்தால் சந்தேகமே இல்லை. பொறுக்கிக் கோழிகளுக்குப் போடுங்கள், ஒன்றை விடாமல் தின்றுவிடும்.

அப்புறம், மாதம் ஒருமுறையாவது குழியைப் புரட்டுங்கள். இந்தப் புழுக்களுக்கு நோய் உண்டாக்கிக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சை வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைத்தால் ஈர எருவில் கலந்துவிடுங்கள். பறக்கும் வண்டைக் கவர்ந்து பிடிக்க 1 கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, மண்பானைகளில் ஊற்றித் தோப்பில் வையுங்கள். இளங்கன்றுகள் என்றால் வேப்பங்கொட்டைத் தூள் 1 பங்கு, மணல் 2 பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் இடலாம்.

குழியில் புழுவே இல்லையென்றால், பக்கத்துத் தோட்டத்து எருக்குவியலையும் மட்கிய தென்னந்தடிகளையும் பாருங்கள். தண்டில் ஓட்டை விழுந்து பழுப்புச் சாறு வடிந்தால் அது சிவப்புக் கூன்வண்டு. அதற்கு இந்த வைத்தியம் போதாது, தாமதிக்காமல் வேளாண் அலுவலரை வரவழையுங்கள்.