பழைய ஃபார்ச்சூனரை வைத்திருப்பதா, மாற்றுவதா? – கேள்வி பதில்

(தென்னாப்பிரிக்க வாசகர்களின் கேள்விகள். கேட்டவர் பெயருக்குப் பதிலாக அவர் ஊர். பதில் சொல்லும் நான் டொயோட்டா டீசல் வேலை செய்பவன்.)

சாட்ஸ்வர்த்: வணக்கம் அண்ணா. 2009 ஃபார்ச்சூனர் 3.0 டி-4டி, 285,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் டக் டக் சத்தம். அடுத்த டைமிங் பெல்ட்டும் நெருங்குது. பட்டறையில் "வித்துட்டு 2017 ஃபார்ச்சூனர் ஜிடி-6 எடு" என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

வணக்கம் தம்பி. வயதையும் கிலோமீட்டரையும் மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். முதலில் இந்த இன்ஜினின் பலவீனமான இடத்தைப் பாருங்கள். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் அடியில் ஒரு செப்பு வாஷர் இருக்கிறது. அது தேய்ந்தால் எரிந்த வாயு மேலேறி வால்வு கவருக்குள் புகுந்து ஆயிலில் கரியாகக் கலக்கும். அந்தக் கரி அடித்தொட்டியில் ஆயிலை உறிஞ்சும் குழாயின் வலையில் படியும். வலை அடைத்தால் டர்போவுக்கும் பேரிங்குக்கும் ஆயில் போகாது. ஆயில் விளக்கு எரிவதற்குள் காரியம் கைமீறிப் போயிருக்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். உள்ளே பழுப்பாக எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் நல்லது. தார் மாதிரி கெட்டியாகக் கறுப்பு ஒட்டியிருந்தால் தொட்டியைக் கழற்றி வலையைப் பார்த்தே ஆகவேண்டும். இன்ஜெக்டர் திருத்த அளவுகளை (ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கம்ப்யூட்டர் கூட்டியோ குறைத்தோ விடும் டீசல் அளவு) ஸ்கேனரில் எடுக்கச் சொல்லுங்கள். சூடான இன்ஜின், ஐட்லிங்கில், நான்கும் கூட்டல் கழித்தல் 3-க்குள் இருக்கவேண்டும்.

அடுத்தது சேசிஸ். டர்பன் உப்புக்காற்றில், பின்பக்க ஆக்ஸிலுக்கு மேலே வளையும் பகுதியும், பின் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணமும், கண்ட்ரோல் ஆர்ம் பிராக்கெட்டும்தான் முதலில் போகும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் சரி. மொத்தையாகக் கேட்டால் கூர்முனையை வைத்து அழுத்திப் பாருங்கள்.

டைமிங் பெல்ட் 150,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும். ஆனால் பெல்ட் பராமரிப்புச் செலவு. அதற்காக யாரும் வண்டியை விற்கவேண்டியதில்லை. வலை சுத்தம், சேசிஸ் உறுதி, கியர் அதிராமல் மாறுகிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். சேசிஸ் ஓட்டை விழுந்திருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், மாற்றுங்கள்.

ஃபீனிக்ஸ்: ஜிடி-6 உண்மையிலேயே அவ்வளவு மேலா?

ஓட்டுவதற்கு மேல்தான் தம்பி. பழைய 3.0 தருவது 120 கிலோவாட், 343 நியூட்டன் மீட்டர். 2.8 ஜிடி-6 ஆட்டோமேட்டிக் தருவது 130 கிலோவாட், 450 நியூட்டன் மீட்டர். ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் ஏழு பேரோடு ஏறும்போது வித்தியாசம் தெரியும். டைமிங் செயின் என்பதால் பெல்ட் செலவு இல்லை. ஆனால் ஈஜிஆர் (புகையைத் திருப்பி இன்ஜினுக்குள் விடும் அமைப்பு) கரி இதிலும் காற்று உள்ளே போகும் இன்டேக்கில் படியும். செயின் என்பதற்காக ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் செயினும் தேயும். சர்வீஸ் புத்தகத்தில் ஒரு இடைவெளி விடுபட்டிருந்தாலும் காரணம் கேளுங்கள்.

மெரிபேங்க்: மாதத் தவணை கட்டுப்படியாகும் என்று தோன்றுகிறது அண்ணா. பலூன் போட்டால் இன்னும் குறைகிறதே?

தங்கச்சி, பலூன் வேண்டாம். 400,000 ரேண்டுக்கு 30 சதவீதம் பலூன் என்றால் 72 மாதம் கட்டி முடித்த பிறகும் 120,000 ரேண்ட் ஒரே தொகையாக நிற்கும். அந்தத் தொகைக்கும் ஆறு வருடமும் வட்டி ஓடுகிறது. அன்றைக்கு வண்டியின் விலை என்ன இருக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது.

கணக்கு இப்படிப் போடுங்கள். தவணை 7,000 ரேண்ட் என்றால் வருடத்துக்கு 84,000. பழைய வண்டி வருடத்துக்கு 84,000 ரேண்ட் பழுது கேட்கிறதா? பெல்ட், நான்கு இன்ஜெக்டர், டயர் எல்லாமே வந்தாலும் ஒரே வருடத்தில்தான் வரும், தவணை மாதிரி ஆறு வருடம் வராது. இன்சூரன்ஸ் விலையையும் முன்கூட்டியே கேளுங்கள். ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் இரண்டையும் திருடர்கள் தேடுவதால் சில நிறுவனங்கள் இரண்டு டிராக்கர் கேட்கும்.

லெனேசியா: டர்பன்காரர்கள் எதற்கு அங்கேயே தேடுகிறீர்கள்? ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) வண்டியில் துரு கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

கண்ணை மூடவேண்டாம் ஐயா. உள்நாட்டுக் காற்றில் துரு குறைவு என்பது உண்மை. ஆனால் ஜிபி (ஜோபர்க் இருக்கும் கௌடெங் மாகாணம்) நம்பர் பிளேட் பதிவான இடத்தைத்தான் சொல்லும், வண்டி வாழ்ந்த இடத்தைச் சொல்லாது.

லெனேசியா: நூற்றில் ஒன்று அப்படி இருக்கலாம். மற்றதெல்லாம் சுத்தம்.

எத்தனை என்பதல்ல கேள்வி, உங்கள் கைக்கு வருவது எது என்பதுதான். லீவுக்குக் கடற்கரைக்கு வந்து, ஸ்கி-போட்டை (சிறு மீன்பிடிப் படகு) அலைக்குள் இறக்கிய வண்டிகள் ஜோபர்க்கில் உண்டு. வண்டியின் பின்னால் இழுவைக்கு மாட்டும் டோ-பாரின் உருண்டையைப் பாருங்கள், பளபளவென்று தேய்ந்திருந்தால் இழுத்திருக்கிறது. பிறகு பின் பிரேக் பைப்பையும் டோ-பார் போல்ட்டுகளையும் பாருங்கள். உப்புநீரில் நின்ற வண்டியில் போல்ட்டின் மரைகள் பொடிப்பொடியாக உதிரும்.

வெருலம்: லெனேசியா அண்ணன் சொல்வதுதான் சரி. என் மச்சானும் அங்கிருந்துதான் எடுத்தார்.

அவருக்கு நல்லது அமைந்ததில் மகிழ்ச்சி. ஆலங்கட்டி மழையையும் கணக்கில் எடுங்கள். பானெட்டையும் கூரையையும் சாய்ந்து, வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள், குழிகள் தெரியும். ஜோபர்க் கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டருக்கு மேல். காற்று மெலிவதால் அதே பூஸ்ட்டுக்கு டர்போ வேகமாகச் சுழலவேண்டும். டர்போ குழாயைக் கழற்றி ஷாஃப்ட்டை விரலால் அசைத்துப் பாருங்கள்.

லெனேசியா: சரி தம்பி, சேசிஸுக்கு ஜோபர்க், மற்றதற்குச் சோதனை. ஒப்புக்கொள்கிறேன்.

அதுதான் என் கருத்தும் ஐயா.

டொங்காட்: ரோட்வொர்தி (சாலைத் தகுதிச் சோதனை) பாஸ் ஆன வண்டி. தனியாகச் சோதிக்கணுமா?

சோதிக்கணும். ரோட்வொர்தி பிரேக், விளக்கு, ஸ்டீயரிங், டயர் பற்றியது. ஆயில் வலையை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை.

ஷால்க்ராஸ்: ஃபோர்டு எவரெஸ்ட் 2.0 பை-டர்போ எப்படி?

என் துறை டொயோட்டா டீசல் மட்டும். ஃபோர்டு இன்ஜினைத் திறந்து வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

இசிபிங்கோ: விலை மிகக் குறைவாக ஒரு வண்டி. உள்ளே புது கார்பெட்.

புது கார்பெட் என்றால் எச்சரிக்கை அம்மா. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் ப்ராஸ்பெக்டன் டொயோட்டா ஆலையே மூழ்கியது உங்களுக்குத் தெரியும். தெருவில் நின்ற வண்டிகளும் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சுருளின் உள்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் விட்டுவிடுங்கள். சீட் தண்டவாளத் துருவையும், டாஷ்போர்டுக்கு அடியில் ஒயர் இணைப்பின் பச்சைப் பூப்பையும் பாருங்கள். பதிவுச் சான்றிதழில் கோட் 2 (சாதாரணப் பழைய வண்டி) இருக்கவேண்டும்; கோட் 3 என்றால் மறுகட்டமைத்த வண்டி.

ஃபீனிக்ஸ், வேறொருவர்: 2010 ஃபார்ச்சூனர், 260,000. விற்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள் தம்பி. ஒரு வார்த்தையும் மாறாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: டீலரா, தனியாரா?

டீலரிடம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதம் உங்களுக்கு உரிமை உண்டு: பழுது நீக்கம், மாற்று, அல்லது பணம் திரும்ப. ஆனால் முன்கூட்டியே குறிப்பாகச் சொல்லி நீங்கள் ஒப்புக்கொண்ட குறைக்கு அது பொருந்தாது; ஆகவே கையெழுத்திடும் தாளை முழுவதும் படியுங்கள். தனியாரிடம் ஃபூட்ஸ்டூட்ஸ், உள்ளது உள்ளபடி. சான்றிதழில் டைட்டில்ஹோல்டர் (சட்டப்படி உரிமை வைத்திருப்பவர்) வங்கி என்றால் கடன் பாக்கி எவ்வளவு என்ற கடிதம் வரும்வரை ஒரு ரேண்டும் கொடுக்காதீர்கள்.

சாட்ஸ்வர்த்: அண்ணா, முதலில் கேட்டவன்தான். மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். விரல் வைத்தால் ஒட்டும் கறுப்பு. சனிக்கிழமை லேடிஸ்மித் போகவேண்டும்.

போகாதீர்கள் தம்பி. பட்டறைக்கும் ஓட்டிக்கொண்டு போகாமல் டோ பண்ணுங்கள். அடித்தொட்டியைக் கழற்றச் சொல்லி, வலையை நீங்களே கண்ணால் பாருங்கள். நான்கு இன்ஜெக்டருக்கும் புது வாஷர், ரிட்டர்ன் பைப் சீல்களும் புதிது. பழைய வாஷரைத் திரும்பப் போட விடாதீர்கள். இன்ஜெக்டரையே மாற்றினால் அதன் தலையில் உள்ள குறியீட்டைக் கம்ப்யூட்டரில் பதியவேண்டும். ஏறத்தாழ 7 லிட்டர் புது ஆயில், புது ஃபில்டர். 1,000 கிலோமீட்டரில் இரண்டையும் மறுபடி மாற்றுங்கள். விற்கும் எண்ணம் இருந்தாலும் இதைச் செய்த பிறகே விற்றுவிடுங்கள். வாங்குபவரும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு என்-3 நெடுஞ்சாலையில்தான் போவார்.