வி.பி.பி.யில் வந்த சர்வரோக நிவாரணி: கேள்வி-பதில்

பிரிட்டிஷ் காலத்து மருந்து விளம்பரங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

தாத்தா வைத்திருந்த பழைய பத்திரிகைக் கட்டில் ‘ஆதங்க நிக்ரஹ மாத்திரை’ விளம்பரம் திரும்பத் திரும்ப வருகிறது. விலாசம் ஜாம்நகர், கத்தியவார் என்று போட்டிருக்கிறது. கும்பகோணத்தில் வைத்தியர்களுக்கு என்ன பஞ்சம்?

பஞ்சமே இல்லை. தொல்லையே அதில்தான். உள்ளூர் வைத்தியர் அப்பாவுக்குத் தெரிந்தவராக இருப்பார், மாமாவோடு கோயிலில் பேசிக்கொண்டு நிற்பார். அந்த விளம்பரங்களில் வரும் வியாதிகளைப் பாருங்கள்: தாது நஷ்டம் (விந்து வீணாவது), நரம்புத் தளர்ச்சி, ஞாபக மறதி, மலச்சிக்கல். இருபது வயதுப் பையன் அவரிடம் போய் முதல் வியாதியைச் சொல்ல முடியுமா? இன்றைய குஜராத்தில் இருக்கும் ஜாம்நகருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டால் கேள்வி கேட்காமல் பொட்டலம் வந்துவிடும். தூரம்தான் அந்த வியாபாரத்தின் பலம்.

வியாபாரத்துக்கு வழி செய்துகொடுத்தது தபால் இலாகா. 1877-ல் வி.பி.பி. (வேல்யூ பேயபிள் பார்சல்) வந்தது, 1880-ல் மணியார்டர் வந்தது. பொட்டலம் கைக்கு வந்தபிறகு தபால்காரரிடம் பணம் கட்டினால் போதும், முன்பின் தெரியாதவருக்கு முன்பணம் அனுப்ப வேண்டியதில்லை. கடை வாசலைப் பார்க்காமலே தேசம் முழுக்க வாடிக்கை பிடிக்க இது போதுமானதாக இருந்தது. மணிசங்கர் கோவிந்தஜி என்ற வைத்திய சாஸ்திரியின் ஆதங்க நிக்ரஹ மருந்துசாலை 32 மாத்திரை கொண்ட டப்பாவை ஒரு ரூபாய்க்கு விற்றது. கூடவே ‘காமசாஸ்திரம்’ என்று ஒரு புத்தகத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாக அனுப்பியது. புத்தகம் வேண்டும் என்று எழுதுகிற ஒவ்வொருவரும் தம் விலாசத்தையும் மனக்கவலையையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். இன்றைய விளம்பரக் கம்பெனிகள் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்றும் கவனியுங்கள். சோர்வு, மறதி, பசியின்மை போன்றவை பெரும்பாலும் தானே வந்து தானே போகிறவை. ஒரு டப்பா முடிவதற்குள் கொஞ்சம் தேவலை என்று தோன்றினால் பெயர் மாத்திரைக்குப் போய்விடும்.

ரயில்வேயில் இருந்த கொள்ளுத்தாத்தாவின் பெட்டியில் ‘டாக்டர் ஜே. காலிஸ் பிரௌனின் குளோரோடைன்’ என்று ஒரு பாட்டில் இருக்கிறது. அடியில் கருப்பாக ஏதோ ஒட்டியிருக்கிறது. என்ன மருந்து?

முதலில் ஒன்று: அதை வாயில் வைக்க வேண்டாம், மூக்கருகே கொண்டுபோகவும் வேண்டாம், குழந்தைகள் கைக்கு எட்டவும் விட வேண்டாம். அந்தக் காலக் கலவையில் இருந்தது அபினிக் கரைசல், கஞ்சா டிங்க்சர், குளோரோஃபார்ம்.

இது இந்தியாவில் பிறந்த மருந்து. இங்கே பிரிட்டிஷ் ராணுவத்தில் மருத்துவராக இருந்த காலிஸ் பிரௌன், 1848-ல் காலராவுக்காக இதைக் கலந்தார். அபினி குடலின் ஓட்டத்தை அடக்கும், வலியையும் மறக்கடிக்கும். அதனால் பேதி நிற்கும், நோயாளி தூங்குவார், வீட்டார் கும்பிடுவார்கள். ஆனால் காலராவில் உயிரை எடுப்பது உடம்பிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவது. அதை ஈடுகட்ட இந்தப் பாட்டிலில் எதுவும் கிடையாது. சாதாரண வயிற்றுப்போக்குக்கு நிஜமாகவே கேட்டதால்தான் பெயர் நிலைத்தது. பழக்கமாகிப்போய்ச் சீரழிந்தவர்களும் உண்டு.

போலிகள் பெருகி 1864-ல் லண்டனில் வழக்கு நடந்தது. குளோரோடைனைக் கண்டுபிடித்தவர் காலிஸ் பிரௌன்தான் என்று நீதிபதி சொன்னார். அந்த வாக்கியத்தைப் பல வருஷம் விளம்பரத்திலேயே அச்சடித்து ஓட்டினார்கள். மருந்தில் என்ன இருக்கிறது என்பதை அப்படி அச்சடிக்கவில்லை.

‘இந்த மாத்திரையால் பிழைத்தேன்’ என்று பெயர், ஊரோடு வரும் கடிதங்கள் நிஜமா?

சில நிஜமாக இருந்திருக்கும். டாக்டர் வில்லியம்ஸ் பிங்க் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவில் ஜார்ஜ் ஃபுல்ஃபோர்ட் என்பவர் 1890-ல் இதன் உரிமையை 53 டாலர் 1 சென்டுக்கு வாங்கி, உலகம் முழுக்க விற்றுக் கோடீஸ்வரர் ஆனார். விளம்பரங்கள் செய்தி மாதிரியே எழுதப்பட்டு, கடைசிப் பாராவில்தான் மாத்திரையின் பெயர் வரும். ஆனால் மாத்திரையில் இரும்பு உப்பு இருந்தது. ரத்தசோகையால் வெளுத்துப்போன பெண் அதைச் சாப்பிட்டுத் தெம்படைந்தாள் என்றால் நம்பலாம். பக்கவாதமும் குணமாகும் என்றபோதுதான் அது புளுகு.

பீச்சம் மாத்திரையின் கதை வேறு. ‘ஒரு பெட்டி ஒரு கினி (21 ஷில்லிங்) பெறும்’ என்பது அதன் கோஷம். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் ரகசிய மருந்துகளைச் சோதித்து 1909-ல் புத்தகமாகவே போட்டது. பீச்சமில் கண்டது கற்றாழைப் பால், இஞ்சி, சோப்பு. 56 மாத்திரையின் சரக்கு விலை அரை ஃபார்த்திங் (ஃபார்த்திங் என்பது கால் பென்னி), விற்ற விலை ஒரு ஷில்லிங் (12 பென்ஸ்) ஒன்றரைப் பென்ஸ். கணக்குப் போட்டால் நூறு மடங்குக்கும் மேல். இத்தனைக்கும் இவற்றில் பெரும்பாலானவை ‘பேடண்ட் மருந்து’ என்று பெயருக்குத்தான் அழைக்கப்பட்டன. நிஜமாகக் காப்புரிமை வாங்கினால் செய்முறையை வெளியே சொல்லியாக வேண்டுமே!

லேகியக்காரர்கள் பக்கம் பக்கமாக விளம்பரம் செய்தபோது, படித்த டாக்டர்கள் ஏன் செய்யவில்லை?

செய்தால் பதிவு போய்விடும் என்ற பயம். பிரிட்டனில் 1858-ம் வருஷச் சட்டப்படி, தொழிலுக்கு இழுக்கான நடத்தை என்று மருத்துவக் கவுன்சில் முடிவு செய்தால் டாக்டரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடலாம். தாமஸ் அல்லின்சன் என்ற லண்டன் டாக்டருக்கு 1892-ல் அதுதான் நடந்தது. அவர் மருந்தே வேண்டாம், தவிடு நீக்காத மாவு ரொட்டி சாப்பிடுங்கள், நடங்கள் என்று சொன்னவர். மற்ற டாக்டர்களின் மருந்துகளை நஞ்சு என்று பத்திரிகையில் எழுதினார், தன்னிடம் வரும்படி விளம்பரமும் செய்தார். கோர்ட்டுக்குப் போய் 1894-ல் தோற்றார். புகையிலை கெடுதல் என்று அப்போதே சொன்ன மனிதருக்குத் தொழில் போனது, சோப்பு மாத்திரைக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. பீச்சம் டாக்டராகப் பதிவு செய்துகொண்டவரே இல்லையே!

இந்த அல்லின்சனை நம் ஆட்களுக்குக் காந்தி மூலம் தெரிந்திருக்கலாம். குடும்பக் கட்டுப்பாட்டை ஆதரித்தார் என்று லண்டன் சைவ உணவுச் சங்கத்திலிருந்து அவரை நீக்கப் பார்த்தபோது, அந்தக் கருத்தை ஏற்காத காந்தி, நீக்குவது தப்பு என்று வாதாட எழுதிக்கொண்டு போனார். கூச்சத்தால் வாசிக்க வாய் வரவில்லை, வேறொருவர்தான் வாசித்தார். காந்தியின் பக்கம் தோற்றுப்போனது.

சென்னை மாகாணத்துக்கு மருத்துவர் பதிவுச் சட்டம் 1914-ல் வந்தது. அதே கட்டுப்பாடு இங்கேயும் இறங்கியது. பதிவு வளையத்துக்கு வெளியே நின்ற ஆயுர்வேத, சித்த, யுனானி வைத்தியர்களுக்கு அந்தத் தடை இல்லை, அரசாங்க அங்கீகாரமும் இல்லை. விளம்பரம் செய்ததால் அவர்களெல்லாம் போலிகள் என்று ஒதுக்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அரசாங்கம் முத்திரை தராதபோது பத்திரிகைப் பக்கத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், டிப்ளமா விற்கிற ‘காலேஜ்’களும் முளைத்தன. பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்துகளைப் போட்டுக்கொள்வதைக் கட்டுப்படுத்த 1916-ல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

தமிழிசை ஆராய்ச்சியாளர் ஆபிரகாம் பண்டிதர் மாத்திரை விற்றாராமே?

விற்றார், நன்றாகவே விற்றார். திண்டுக்கல்லில் வாத்தியாராக இருந்தவர், சுருளிமலையில் கருணானந்தர் என்ற முனிவரிடம் மருந்து கற்றதாகச் சொல்வார். தஞ்சாவூருக்கு வந்து, பிறகு வாத்தியார் வேலையை விட்டு, கருணானந்த சஞ்சீவி மருந்துகள் என்ற பெயரில் விற்றார். கோரோசனை மாத்திரைக்குக் கடல் கடந்தும் கிராக்கி. ஊருக்கு வெளியே மூலிகைத் தோட்டம் போட்டார், அச்சகம் வைத்தார். 1912-ல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் தொடங்கி வித்வான்களைத் தன் செலவில் வரவழைத்து மாநாடு நடத்தினார், 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற இசை ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். தமிழிசை ஆராய்ச்சிக்குப் பணம் எந்த ஜமீனிலிருந்தும் வரவில்லை, மருந்து டப்பாவிலிருந்து வந்தது.

அமிர்தாஞ்சனமும் அந்தக் காலத்துச் சரக்குதானா?

ஆமாம். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-ல் பம்பாயில் தொடங்கியது. 1908-ல் அங்கேயே ‘ஆந்திர பத்திரிகா’ வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். 1914-ல் சென்னைக்கு வந்து அதை நாளிதழாக்கினார். தைலம் சம்பாதித்தது, பத்திரிகை செலவழித்தது.

இதையெல்லாம் எப்போது கட்டுப்படுத்தினார்கள்?

மெதுவாக. மருந்துகளைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் 1930-ல் போட்ட சோப்ரா கமிட்டிக்குப் பிறகு 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது. பேடண்ட் மருந்தின் லேபிளில் சேர்மானத்தைக் காட்டு என்றது. ஆயுர்வேத, யுனானி மருந்துகள் 1964 திருத்தம் வரை அதில் இல்லை. விளம்பரத்துக்கென்று தனிச் சட்டம் 1954-ல்தான் வந்தது. ஹம்தர்த் தவாகானா என்ற யுனானி மருந்துக் கம்பெனி, விளம்பரம் செய்வது பேச்சுரிமை என்று வழக்குப் போட்டது. சரக்கு விற்கும் விளம்பரம் கருத்துப் பரப்பல் ஆகாது என்று 1959 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்தில் சில பகுதிகளை மட்டும் ரத்து செய்தது. ‘இரவு நேர லாட்ஜ் முகாம்’ வைத்தியர்கள் இன்னமும் விளம்பரம் தருகிறார்கள் என்றால், குறை சட்டப் புத்தகத்தில் இல்லை.

பழைய விளம்பரங்களை எங்கே பார்க்கலாம்?

சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஒரு எச்சரிக்கை: பைண்டு செய்த பத்திரிகைத் தொகுதிகளை நம்பிப் போகாதீர்கள். பைண்டு செய்யும்போது அட்டையையும் விளம்பரத் தாள்களையும் கிழித்துப் போட்டுவிடுவது வழக்கம், மருந்து விளம்பரங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருந்தன. தனித்தனி இதழ்களாக இருப்பவற்றைக் கேளுங்கள். பழைய பஞ்சாங்கங்களின் கடைசிப் பக்கங்களையும் புரட்டிப் பாருங்கள்.