கேமிங் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்டை எப்போது மாற்றலாம்?

புது கார்டு வந்துவிட்டது என்பதற்காக மாற்ற வேண்டாம். நீங்கள் ஆடும் கேம் உங்கள் மானிட்டரில் உங்களுக்குத் திருப்தியாக ஓடும்வரை பழையதே போதும். ஓடவில்லை என்றாலும், குறை கார்டில்தானா என்று பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.

அதைக் கண்டுபிடிப்பது சுலபம். தடுமாறும் கேமைத் திறந்து, ரெசல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது என்ற எண்) மளமளவென ஏறினால் திணறுவது கார்டுதான். அதே 50-லேயே நின்றால் பெரும்பாலும் பிராசஸர்தான் காரணம். எவ்வளவு பெரிய கார்டைப் போட்டாலும் அந்த 50 நகராது. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருள் இருந்தால் ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாட்டைத் திரை ஓரத்தில் பார்த்துக்கொண்டே ஆடலாம். 97, 98 சதவீதத்திலேயே நின்றால் கார்டு முழுமூச்சாக உழைக்கிறது என்று அர்த்தம். (எஃப்பிஎஸ்ஸை மானிட்டர் வேகத்தோடு கட்டிப்போடும் விசிங்க், எஃப்பிஎஸ் லிமிட் இரண்டையும் அணைத்துவிட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் எண் ஏமாற்றும்.)

இந்தச் சோதனையில் சிக்காத ஒன்று கார்டிலேயே இருக்கும் வீடியோ மெமரி. சராசரி 70 எஃப்பிஎஸ் காட்டும். ஆனால் கேமராவைச் சட்டென்று திருப்பினால் படம் வெட்டி வெட்டி வரும். எதிரே உள்ள சுவர் சில நொடிகள் களிமண் பூசியதுபோல மழுங்கிக் கிடந்து, பிறகுதான் செங்கல் தெரியும். மெமரி நிரம்பி, இடம் போதாததை சிஸ்டம் ரேமிலிருந்து மதர்போர்டின் பிசிஐஇ இணைப்பு வழியாக இழுப்பதால் வரும் வினை இது. டெக்ஸ்சரை (சுவர், தரை போன்றவற்றின் மேல் ஒட்டும் படங்களின் தரம்) ஒரு படி குறைத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். அதுவும் பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். ஆனால் மறுபடியும் 8 ஜிபி மெமரி உள்ள கார்டையே வாங்கிவிடாதீர்கள்.

சில சமயம் பேச்சுக்கே இடமில்லை. 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் ஓட, கார்டிலேயே ரே டிரேசிங் (ஒளி பாயும் விதத்தைக் கணக்கிடும்) வசதி இருக்க வேண்டும். ஒரு காலத்தில் ராஜாவாக இருந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐயில் அது இல்லை. செட்டிங்கை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை.

மானிட்டரை 1440பிக்கு மாற்றினாலும் கணக்கு மாறிவிடும். 1080பியைவிடச் சுமார் 78 சதவீதம் அதிகப் பிக்சல். நேற்றுவரை நன்றாக ஓடிய கார்டுக்கு மூச்சு வாங்கும்.

எந்தக் கார்டு என்று கேட்டால், என் அளவுகோல் இது: குறைந்தது ஒன்றரை மடங்கு எஃப்பிஎஸ் தராத கார்டுக்கு நான் காசு போடமாட்டேன். 60 என்பது 70 ஆனால் பெஞ்ச்மார்க் வரைபடத்தில் நன்றாகத் தெரியும், ஆடும்போது எனக்குத் தெரிவதில்லை.

ஆர்டர் போடும் முன் பவர் சப்ளையையும் (எஸ்எம்பிஎஸ்) பாருங்கள். மதர்போர்டு ஸ்லாட் தருவது 75 வாட், ஒரு 8 பின் கேபிள் 150 வாட். கேட்கும் கேபிள் உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் இல்லையென்றால் அதையும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும். கேபினட்டுக்குள் நீளத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். மூன்று ஃபேன் கார்டுகள் முன்பக்க ஃபேனில் இடிப்பது சகஜம்.