30,000 ரூபாயில் பழைய ஸ்விஃப்டுக்கு எத்தனை எச்பி ஏற்ற முடியும்?

நாமக்கல்லில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: 2012 மாடல் ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ பெட்ரோல் வாங்கினேன், நான் மூன்றாவது ஓனர், 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தனியாகப் போனால் சுமாராக இருக்கிறது. நான்கு பேர் ஏறி ஏசியும் போட்டுக் கொல்லிமலைக்குப் போனால் கொண்டை ஊசி வளைவுகளில் இழுக்கவே மாட்டேன் என்கிறது. கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. கோன் ஃபில்டர் (பெட்டியில்லாத திறந்த ஏர் ஃபில்டர்), ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் (புகையை அதிகத் தடையில்லாமல் வெளியே விடுவது), ஈசியூ ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றுவது) மூன்றையும் போட்டால் 110 எச்பி வரும் என்று நண்பர் சொல்கிறார். போடலாமா?

போடாதீர்கள். 110 வராது.

உங்கள் வண்டியில் இருப்பது 1,197 சிசி கே-சீரிஸ் இன்ஜின். கம்பெனி கணக்கில் 6,000 ஆர்பிஎம்மில் 87 எச்பி, 4,000 ஆர்பிஎம்மில் 114 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத இன்ஜின் தானாக எவ்வளவு காற்றை உறிஞ்சுகிறதோ அந்த அளவுக்குத்தான் பெட்ரோலை எரிக்க முடியும். டர்போ வண்டியை ரீமேப் செய்கிறவர் சாஃப்ட்வேரிலேயே பூஸ்ட் அழுத்தத்தை ஏற்றி அதிகக் காற்றை உள்ளே திணித்துவிடுவார், அதனால் அங்கே 20 சதவீதம், சில வண்டிகளில் அதற்கு மேலும் கிடைக்கும். உங்கள் வண்டியில் ஏற்றுவதற்குப் பூஸ்ட் என்று ஒன்று கிடையாது. இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, கொஞ்சம் முன்னால் தள்ளலாம், பெட்ரோல் அளவை மாற்றலாம், அவ்வளவுதான். நன்றாகச் செய்தால் நாலைந்து எச்பி வரும். அதற்கு உங்கள் 30,000-இல் பாதிக்கு மேல் போய்விடும்.

சரி, அப்போது வழியே இல்லையா? இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது, கம்பெனி கொடுத்த அந்த 87 எச்பி இன்னும் அங்கே இருக்கிறதா என்பதை. மூன்று கை மாறி வந்த வண்டியில் முழுசாக இருந்தால் எனக்கு ஆச்சரியம்தான். போனதைத் திரும்ப எடுப்பது, புதிதாகச் சேர்ப்பதைவிடப் பல மடங்கு மலிவு.

எதையும் தொடும் முன் ஒரு அளவு எடுத்துவிடுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத சமதளச் சாலை, ஏசி ஆஃப், மூன்றாம் கியர், 40-இல் இருந்து 80 வரை பெடலை முழுக்க அழுத்திப் போங்கள், பக்கத்தில் இருப்பவர் ஸ்பீடோமீட்டரை ஃபோனில் வீடியோ எடுக்கட்டும். எத்தனை வினாடி என்று குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேலை முடிந்ததும் அதே சாலையில் அதே மாதிரி ஓட்டிப் பாருங்கள். "அண்ணா, பிக்கப் செம்மயா வந்துடுச்சு" என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்கு வந்தது சத்தம் மட்டும்தான், வினாடிக் கணக்கு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது செலவே இல்லாத ஒரு சோதனை, சொன்னால் சிரிப்பீர்கள். ஆக்சிலரேட்டர் பெடலுக்குக் கீழே கிடக்கும் கால்மிதி மேட்டைப் பாருங்கள். கம்பெனி மேட், அதன்மேல் ரப்பர் மேட், அதற்கும் மேல் பழைய ஓனர் போட்ட தடிமனான 7டி மேட். பெடல் முழுக்கக் கீழே இறங்காது, இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலும் முழுக்கத் திறக்காது. பிக்கப் இல்லை என்று எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியை மேட்டை மட்டும் உருவிவிட்டு அனுப்பியிருக்கிறேன். காசு கேட்கக் கூச்சமாக இருந்தது.

அப்புறம் 500, 1,000 ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்குங்கள், வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் செருகினால் இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்வதை ஃபோனில் காட்டும். முக்கியமாகக் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். அரை மணி நேரம் ஓடியபின் 85-95 டிகிரியில் நிற்க வேண்டும், 65-70-ஐத் தாண்டவில்லை என்றால் யாரோ தெர்மோஸ்டாட் வால்வை (இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது) கழற்றி எறிந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நம் ஊரில் வண்டி ஹீட் ஆனால் செய்கிற முதல் வைத்தியமே இதுதான், ரேடியேட்டர் அடைப்பைப் பார்க்காமல் வால்வை எடுத்துவிடுவார்கள். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று ஈசியூ நினைத்துக்கொண்டு தேவைக்கு மேல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும்; பிக்கப்பும் மந்தம், மைலேஜும் போச்சு. புது வால்வு போடும்போது ரேடியேட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கழற்றிய காரணம் மலையேற்றத்தில் திரும்ப வந்து நிற்கும். ஸ்கேனரிலேயே லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் என்று ஒன்று இருக்கும், ஈசியூ பெட்ரோல் அளவை எவ்வளவு கூட்டிக் குறைத்துச் சமாளிக்கிறது என்பதைக் காட்டுவது, அது பிளஸ் அல்லது மைனஸ் 10 சதவீதத்தைத் தாண்டினால் எங்கோ காற்றுக் கசிவு, இன்ஜெக்டர் அடைப்பு அல்லது சென்சார் கோளாறு.

உங்கள் வண்டியில் நான் அதிகம் சந்தேகப்படுவது கிளட்ச்சை. நான்காம் கியரில் 40-இல் ஒரு ஏற்றத்தில் பெடலை முழுக்க அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளிக் குதித்து, வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது, இன்ஜினின் உழைப்பெல்லாம் சக்கரத்துக்குப் போகாமல் சூடாகிக் கரைகிறது. மலையில் கருகல் வாசனை வந்திருந்தால் சோதனைகூட வேண்டாம். மாற்ற ஏழெட்டாயிரம் ஆகலாம், தயங்காதீர்கள்.

பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், ஒன்று மட்டும் அனலடித்தால் காலிப்பரோ ஹேண்ட்பிரேக் கேபிளோ இறுகியிருக்கிறது.

ஏர் ஃபில்டர், நான்கு ஸ்பார்க் பிளக், த்ராட்டில் பாடி சுத்தம், இதெல்லாம் உங்களுக்கே தெரிந்ததுதான், செய்துவிடுங்கள். பிளக் கம்பெனி சொன்ன வகையே போதும், இரிடியம் போட்டால் ஆயுள் கூடும், எச்பி கூடாது. ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் மட்டும் மறக்காதீர்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் படுத்திருந்தால் வேறு எதிலும் பணம் போடாமல் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும்.

டயர் விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. விஎக்ஸ்ஐ-க்கு வந்தது 165/80 ஆர்14, வெளி விட்டம் 620 மில்லிமீட்டர். பழைய ஓனர் கெத்துக்காக 205/65 ஆர்15 மாட்டியிருந்தால் அது 647. நாலரை சதவீதம் பெரிய சக்கரம் என்றால் எல்லாக் கியரும் நாலரை சதவீதம் நீண்டுவிட்டது என்று அர்த்தம், சக்கரத்தில் கிடைக்கும் இழுவை அதே அளவு குறையும். ஒரு ரீமேப் கொடுப்பதை இந்த டயர் சத்தமில்லாமல் தின்றுவிடும், போதாததற்கு அலாய் கனம் வேறு. ஒரிஜினல் சைஸுக்குத் திரும்புங்கள். டிக்கியில் சப் ஊஃபர் பெட்டி இருந்தால் மலைக்குப் போகும் அன்றாவது வீட்டில் இறக்கிவையுங்கள்.

இனி ஓட்டுகிற விதம், கோபித்துக்கொள்ளாதீர்கள். எச்பி என்பது டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி வருவது. இந்த இன்ஜின் 2,000 ஆர்பிஎம்மில் 100 நியூட்டன் மீட்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் அங்கே உங்களிடம் இருப்பது 28 எச்பி. 4,000-இல் 65. ஒரு ரூபாய் செலவில்லாமல் இரண்டு மடங்குக்கு மேல்! கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாம் கியரில் 1,500-க்கு விழவிட்டு, பெடலைத் தரையோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தால் எந்தச் சின்ன பெட்ரோல் இன்ஜினும் முனகத்தான் செய்யும். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு இறங்குங்கள், 4,000 வரை போகவிட்டு இரண்டாவதுக்கு மாற்றுங்கள். சத்தம் கேட்டுப் பயப்பட வேண்டாம், ஆயில் சரியாக இருந்தால் அது அதற்காகவே செய்த இன்ஜின்தான். முதல் கியர் போடுவதை ஏதோ மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். ஏசி கம்ப்ரஸரும் மூன்று நான்கு எச்பி எடுத்துக்கொள்ளும், செங்குத்தான இடத்தில் கொஞ்ச நேரம் அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, உயரம். 1,200 மீட்டரில் காற்றின் அடர்த்தி பத்து சதவீதத்துக்கு மேல் குறைகிறது, எச்பியும் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கும். ஊட்டிக்குப் போனால் ஐந்தில் ஒரு பங்கு காலி. பாதி நஷ்டம் மலையின் கணக்கு, வண்டியைக் குறை சொல்ல முடியாது.

நண்பர் சொன்ன மற்ற இரண்டுக்கு வருகிறேன். கோன் ஃபில்டர் பானட்டுக்குள் இன்ஜின் சூட்டையே உறிஞ்சும், உள்ளே போகும் காற்று 10 டிகிரி கூடினால் அடர்த்தி 3 சதவீதம் போய்விடும். கம்பெனி பெட்டி வெளிக்காற்றை எடுக்கிறது, அதை விட்டுவிடுங்கள். ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மேல் ஆர்பிஎம்மில் ஓரிரு எச்பி தரலாம், உங்களுக்கு வேண்டிய கீழ் ஆர்பிஎம்மில் சில சமயம் குறைக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் இருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், சிறைக்கும் இடமுண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் இதையே பிடித்துக்கொள்வார். ஓபிடி-யில் செருகும் "பவர் சிப்", பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம், காற்றுக் குழாயில் மாட்டும் மின்விசிறி டர்போ எல்லாம் ஏமாற்று. 6,000 ஆர்பிஎம்மில் உங்கள் இன்ஜின் நிமிடத்துக்கு 3,600 லிட்டர் காற்றை இழுக்கிறது, அந்தக் குட்டி விசிறி அதன் வழியை மறிக்கத்தான் செய்யும். 100 ஆக்டேன் பெட்ரோலும் அப்படியே, இந்த இன்ஜினுக்கு அதனால் பெரிய பலன் இல்லை.

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தாலும், கிளட்ச் உட்பட, டயரை நான்கும் மாற்ற வேண்டி வராத வரை, 20,000-க்குள் அடங்கிவிடும் என்பது என் கணக்கு. அதன் பிறகும் போதவில்லை என்றால் இந்த வண்டிமேல் மேலும் பணம் போடாதீர்கள். டர்போ கிட் போடுகிறேன் என்று யாராவது வந்தால் ஓடிவிடுங்கள், செலவு லட்சத்தைத் தாண்டும், பிஸ்டனும் அந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல. மிச்சப் பணத்தோடு இதை விற்றுக் கொஞ்சம் சேர்த்தால், 102 எச்பி டர்போவோடு 2017-இல் வந்த பலேனோ ஆர்எஸ் பழைய சந்தையில் எப்போதாவது கண்ணில் படும்.

முதலில் அந்த மேட்டைத் தூக்கிப் பாருங்கள்.