‘போன மாதம் மாற்றின’ ஹைபிரிட் பற்றரி

கேள்வி: 2014 டொயோட்டா அக்ஸியோ ஹைபிரிட் ஒன்று பார்த்திருக்கிறோம். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குத் தினமும் போய்வர வேண்டும். ஹைபிரிட் பற்றரியை போன மாதம்தான் மாற்றியதாகத் தரகர் சொல்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: கார் உங்கள் ஓட்டத்துக்குப் பொருத்தமானது. அகலம் 1,695 மில்லிமீற்றர்தான். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் சிரமம் தராது. பற்றரி பின்சீட்டுக்கு அடியில் இருப்பதால் டிக்கியில் இடமும் உண்டு. பயப்பட வேண்டியது அந்த ‘மாற்றின’ என்ற சொல்லுக்குத்தான்.

பற்றரிக்குள் மொடியூல் எனப்படும் 20 சிறு பற்றரிகள் தொடராக இணைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 144. செத்துப்போன ஒன்றிரண்டைக் கழற்றி, வேறொரு பழைய பற்றரியில் எடுத்ததைச் செருகி, எச்சரிக்கை விளக்கை அழித்துவிட்டு ‘மாற்றியாச்சு’ என்பார்கள். செருகியதன் கொள்ளளவு மற்றவற்றோடு ஒத்துப்போகாது. சில மாதங்களில் அடுத்தது விழும். அதற்குள் கார் உங்கள் பெயரில் இருக்கும்.

எனவே முழுப் பற்றரிக்கான ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் பழைய பற்றரி என்றே விலை பேசுங்கள். பிறகு உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கின் ஸ்கேனரோடு (காரின் கணினியை வாசிக்கும் கருவி), ஏசியைப் போட்டு, காலி றோட்டு நெரிசலில் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். ஓடும்போது ஒவ்வொரு ப்ளொக்கின் (மொடியூல்கள் சேர்ந்த தொகுதி) வோல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அக்சிலேற்றரை மிதிக்கும்போது ஒன்று மட்டும் தனியாக விழுந்தால் அதுதான் நோயாளி. பிழைக் குறியீட்டை அழித்த பிறகு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்பதையும் பல ஸ்கேனர்கள் காட்டும். இருபது, முப்பது கிலோமீற்றர்தான் என்றால் உங்களுக்குக் காட்டுவதற்காகவே அழித்திருக்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. விளக்கு எரிவதெல்லாம் மொடியூல் சாவு அல்ல. கடற்கரைக் காற்றில் மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகள் பச்சை பூத்துவிடும்; தொடுப்புக் கெட்டு வோல்ட் தப்பாகக் காட்டும். அவற்றைச் சுத்தம் செய்து, சரியான இறுக்கத்தில் பூட்டினால் பல கார்கள் மீண்டும் ஒழுங்காக ஓடும். அப்படி முன்பே திருத்திய காரென்றால் பச்சைத் தகடுகளின் படம், வேலைச் சீட்டு இரண்டையும் காட்டட்டும். வெறும் வாய்ப்பேச்சு என்றால் அது விதிவிலக்கல்ல, வழமையான கதைதான். செம்மஞ்சள் நிறக் கேபிள் உள்ள எதையும் வீட்டில் திறக்காதீர்கள். அது உயர் மின்னழுத்தம்.

பின்சீட்டோரம் பற்றரிக்குக் காற்றெடுக்கும் துளையையும் பாருங்கள். பையும் துணியும் அதை மூடிக் கிடந்தாலோ, தூசி அடைத்திருந்தாலோ பற்றரி சூட்டிலேயே கிழடாகிவிடும். விசிறி ஓயாமல் இரைந்தால் அதுவும் கெட்ட குறிதான்.

மீற்றர் கணக்கை நம்பவே வேண்டாம். புகைப் பரிசோதனைச் சீட்டைக் காட்டி ‘எல்லாம் சரி’ என்பார்கள். அது புகையை மட்டுந்தான் அளக்கிறது. வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் புகையை அளக்கச் சொல்லும் நாட்டில், காரின் மிக விலையுயர்ந்த பாகங்களில் ஒன்றைப் பார்க்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்கேனர் பூட்ட விடமாட்டேன் என்றால் அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.