கோல்டுஃபிஷ் தொட்டி வாங்கும் முன் தீனியை எடை போட்டுப் பாருங்கள்

கேள்வி: பத்து லிட்டர் பிடிக்கும் உருண்டைக் கண்ணாடித் தொட்டியில் மூன்று கோல்டுஃபிஷ் வளர்த்தோம். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் முழுவதையும் கொட்டி, தொட்டியையும் கூழாங்கற்களையும் தேய்த்துக் கழுவுகிறேன். அப்படியும் மறுநாளே தண்ணீர் பால்போல் கலங்குகிறது, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. போன வாரம் ஒன்று செத்துவிட்டது. கடையில் கொடுத்த நீல மருந்தால் பலன் இல்லை. 60×30×30 செ.மீ. தொட்டி வாங்கினால் இன்னும் இரண்டு சேர்த்து நான்கு மீன் விடலாம், ஓர் அங்குல மீனுக்கு நாலு லிட்டர் போதும் என்கிறார் கடைக்காரர். இந்த அளவு சரிதானா?

பதில்: சரியில்லை. நான்கு மீனுக்கு மட்டுமல்ல, இருக்கும் இரண்டுக்கே அது போதாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கே இதைவிட மூன்று மடங்கு பெரிய தொட்டி வாங்கி, கழுவி, நீர் நிரப்பி, மீனை விட்டாலும் இதே கடிதத்தை அடுத்த மாதம் மறுபடி எழுதுவீர்கள். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, மீனின் கழிவு எங்கே போகிறது என்பதை.

அங்குலக் கணக்கைத் தூக்கிப் போடுங்கள். ஐந்து செ.மீ. மீன் பத்து செ.மீ. ஆனால் நீளம்தான் இரண்டு மடங்கு, உடல் எடை ஏறத்தாழ எட்டு மடங்கு. தின்பதும் கழிப்பதும் எடையைப் பொறுத்தது. நன்றாக வளரும் ஓரண்டா, ஃபேன்டெயில் போன்ற கொழுத்த உடலும் இரட்டை வாலும் உள்ள வகைகள் 15 முதல் 20 செ.மீ. வரை போகும். ‘தொட்டிக்குத் தகுந்த அளவுக்குத்தான் மீன் வளரும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கெட்ட நீரில் குன்றிப்போன மீனைக் காட்டித்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஒழுங்காக வைத்தால் பத்து, பதினைந்து ஆண்டு வாழக்கூடிய உயிர் அது.

நான் தொட்டி அளவைத் தீனியிலிருந்து தொடங்குவேன். ஒரு நாளைக்குப் போடும் தீனியை நகை எடை போடுவது போன்ற சின்ன மின்தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். 40 சதவீதம் புரதம் உள்ள தீனி ஒரு கிராம் உள்ளே போனால், சுமார் 37 மில்லிகிராம் அமோனியா (மீனுக்கு நஞ்சான கழிவு, அதிலுள்ள நைட்ரஜனின் எடையாகக் கணக்கிட்டது) தண்ணீருக்குள் வருகிறது. மீன் வளர்ப்புப் பண்ணைகளில் வடிகட்டி அமைக்கப் பயன்படுத்தும் கணக்கு இது. இதில் பெரும்பகுதி செவுள் வழியாகவே வெளியேறுகிறது, ஆகவே கண்ணுக்குத் தெரியும் கழிவை அள்ளிப் போட்டாலும் அமோனியா போகாது. உங்கள் பத்து லிட்டரில் அந்த ஒரு கிராம் தீனி, லிட்டருக்கு 3.7 மில்லிகிராம். கடைக்காரர் சொன்ன தொட்டியில் சரளையும் மேல் இடைவெளியும் போக உண்மையில் 45 லிட்டர்தான் நிற்கும், அதில் 0.8. 90×45×45 தொட்டியில் 155 லிட்டர் நின்றால் 0.24. அமோனியா சோதனையில் தெரிய வேண்டிய எண் பூஜ்யம். நீரின் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 7இலிருந்து 8க்குப் போனால் அதே அமோனியாவின் நச்சுப் பங்கு கிட்டத்தட்ட ஒன்பது, பத்து மடங்கு ஏறிவிடும். வெயில் காலத்தில் நீர் சூடானால் இன்னும் மோசம், அப்போது தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. உங்கள் மீன்கள் மேலே வந்து வாய் திறப்பது அமோனியா, ஆக்சிஜன் குறைவு இரண்டினாலும்தான்.

பெரிய தொட்டி செய்வது நஞ்சைப் பரப்பி, உங்களுக்குக் கொஞ்சம் நேரம் வாங்கித் தருவது. நஞ்சைத் தின்று தீர்ப்பது பாக்டீரியா. ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் மீனுக்கு ஆகாது. இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும், அதை வாராந்தர நீர் மாற்றத்தில் நாம் இறக்கிவிடலாம். இவை ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு மெதுவாகப் பெருகும், நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நீங்களோ இரண்டு நாளைக்கு ஒருமுறை அவற்றைக் கழுவிச் சாக்கடையில் விட்டிருக்கிறீர்கள். பால்போன்ற கலக்கம் அழுக்கில்லை. ஒட்ட இடமில்லாத வேறு பாக்டீரியாக்கள் எஞ்சிய தீனியைத் தின்று மிதந்து பெருகுவது அது. நீல மருந்து, பெரும்பாலும் மெத்திலின் நீலம், பூஞ்சை நோய்க்கும், மீன் முட்டையைப் பூஞ்சையிலிருந்து காக்கவும் நல்லதுதான். ஓடும் ஃபில்டர் உள்ள தொட்டியில் ஊற்றினால் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்தே கொன்றுவிடும்.

கிண்ணம், மீன், மருந்து மூன்றையும் ஒரே நாளில் ஒரே பையில் போட்டுக் கொடுக்கும் கடைக்காரரிடம் மறுபடி போகாதீர்கள். தண்ணீர் தயாரா என்று கேட்காமல் மீன் விற்பவருக்கு, செத்த மீனுக்குப் பதில் இன்னொன்று விற்பதும் வியாபாரம்தான். ‘உடனடி பாக்டீரியா’ என்று குப்பியில் விற்பதை நம்பியும் ஒரே நாளில் மீன் விடாதீர்கள். சில வேலை செய்யும், சிலவற்றில் உயிரே இருக்காது. எதுவானாலும் சோதனைக் கருவியில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் தெரிகிறது என்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். அந்த மருந்துக்குக் கொடுத்த பணத்தில் ஒரு சோதனைக் கருவி வாங்கியிருக்கலாம்.

சரி, இன்றைக்கு என்ன செய்வது? கண்ணாடித் தொட்டிக்குக் காத்திருக்க வேண்டாம். சோப்புப் படாத அகலமான பிளாஸ்டிக் டப் ஒன்றில், 70 லிட்டருக்குக் குறையாமல் நீர் நிரப்புங்கள். குழாய் நீர் என்றால் குளோரினை நீக்கும் திரவம் கட்டாயம். குளோரமின் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த நீரை ஒரு நாள் திறந்து வைத்தாலும் அது போகாது. ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போடுங்கள். ஆரோக்கியமான தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, காயவிடாமல் கொண்டுவந்து உள்ளே போடுங்கள். அது கிடைத்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். நிரப்பியதும் இரண்டு இடத்து நீரின் சூடும் ஒன்றுதானா என்று பார்த்து மீனை மாற்றுங்கள். தீனி ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு. அமோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராமைத் தொட்டால் அன்றைக்கே பாதி நீரை மாற்றுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழியாதீர்கள். மாற்றிய பழைய நீரில் லேசாக அலசினால் போதும்.

அப்புறம் தொட்டி. இரண்டு கொழுத்த உடல் வகை மீனுக்கு 90×45×45. வேண்டுமானால் மூன்றாவது ஒன்று விடலாம், அதற்கு மேல் வேண்டாம். நான்குதான் வேண்டும் என்றால் 120×45×45. உயரமான ஷோகேஸ் தொட்டியைக் காட்டினால் வாங்காதீர்கள். அதே 90×45×45 தொட்டியை நிமிர்த்தி வைத்தாலும் கொள்ளளவு மாறாது, ஆனால் காற்று படும் மேற்பரப்பு 4,050 சதுர செ.மீ.யிலிருந்து 2,025க்கு இறங்கிவிடும். உருண்டைக் கிண்ணத்தைக் கழுத்துவரை நிரப்புவதிலும் இதே கேடுதான். நீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்த்து 200 கிலோ தாண்டும், மட்டம் பார்த்த உறுதியான ஸ்டாண்டில்தான் வைக்க வேண்டும். டப்பில் பழகிய ஸ்பாஞ்சையும் மீன்களையும் ஒரே நாளில் புதுத் தொட்டிக்கு மாற்றிவிடலாம்.

கடைசியாக, உங்கள் மீன்களின் வாலைப் பாருங்கள், கடிதத்தில் அது இல்லை. பின்னாலிருந்து பார்த்தால் வால் இரண்டாகப் பிரிந்திருக்கிறதா, ஒற்றையா? ஒற்றை வாலும் மெலிந்த நீண்ட உடலும் என்றால் அது காமெட் அல்லது சாதாரண கோல்டுஃபிஷ். 25, 30 செ.மீ. வளரும், வேகமாக நீந்தும், தடித்த வகையோடு சேர்த்து வைத்தால் தீனியை எல்லாம் அதுவே தின்றுவிடும். மேலே சொன்ன அளவுகள் எதுவும் அதற்குப் பொருந்தாது, தோட்டத்துக் குளம் வேண்டும். குளம் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். ஆற்றிலோ ஏரியிலோ விட்டுவிடாதீர்கள், அடிமண்ணைக் கிளறி நீரைக் கலக்கி அங்கே ஏற்கெனவே இருக்கும் மீன்களைக் கெடுக்கும். வால் எப்படி என்று எழுதுங்கள், கூடவே அமோனியா, பி.எச். எண்களையும்.