கிரேக்கக் காவியம் ஒன்றை இன்றைய பள்ளிக்கூடக் கதையாக எழுதச் சொன்னால் எதை எடுப்பீர்கள், எப்படி மாற்றுவீர்கள்?

இலியட்தான். ஒடிசி ஊர் திரும்ப அலைகிறவனின் கதை, அதைப் பள்ளிக்குள் அடைப்பது கஷ்டம். இலியட் ஏற்கெனவே அடைபட்டுத்தான் கிடக்கிறது. கிரேக்கர்கள் டிராய் நகரத்தை முற்றுகையிட்ட பத்து வருடப் போரில் சுமார் ஐம்பது நாள், ஒரு கடற்கரை, ஒரு மதில், அவ்வளவுதான். டிராயை வீழ்த்திய மரக்குதிரைகூடக் கிடையாது, அது ஒடிசியில் சொல்லப்படுவது. மூலத்தில் முதல் சொல்லே 'சினம்'.

நான் விடுதியில் தங்கிப் படித்தவன். ஒன்பதாம் வகுப்பில், எங்கள் கால்பந்து அணியின் நல்ல ஆட்டக்காரனிடமிருந்து பத்தாம் எண் ஜெர்சியை கேப்டன் பிடுங்கித் தானே போட்டுக்கொண்டான். இவன் அந்த வருடம் முழுக்க மைதானத்துப் பக்கம் போகவில்லை. ஜெர்சி கடையில் கிடைக்கும். எல்லார் முன்னாலும் பிடுங்கினானே, அதுதான் விஷயம். பின்னாளில் இலியட் படித்தபோது, அவமானப்பட்டுப் போரிட மறுக்கும் கிரேக்க மாவீரன் அக்கிலிஸ் எனக்குப் புது ஆளாகத் தெரியவில்லை.

ஒரே சிக்கல், காவியத்தில் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் அக்கிலிஸிடமிருந்து பிடுங்குவது பிரைசெயிஸ் என்ற சிறைப்பட்ட பெண்ணை. அவளை ஜெர்சியாக்கினால் கதை லேசாகிவிடும், ஒரு மாணவியைப் 'பரிசு' ஆக்கினால் அருவருப்பு. வழி பிடிபடாமல் ஜெர்சியோடு நிற்கிறேன்.

மற்றதெல்லாம் தானாக உட்காரும். ஒன்பது நாள் கொள்ளைநோய்க்கு விடுதியில் அம்மை. எந்த ஊரிலிருந்து எத்தனை கப்பல் வந்தது என்று அடுக்கும் கப்பல் பட்டியலுக்கு விளையாட்டு விழா அணிவகுப்பு. அக்கிலிஸின் அம்மா தெட்டிஸ் கடவுள்களின் தலைவன் ஜீயஸிடம் போய் முறையிடுவாளே, அது அம்மா நேராகத் தாளாளர் அறைக்குள் நுழைவது.

நண்பன் பாட்ரோக்ளஸ் அக்கிலிஸின் பழைய ஜெர்சியைப் போட்டுக்கொண்டு இறங்குகிறான், எதிர்ப்பள்ளி ஹெக்டர் மோதி முழங்கால் போகிறது. அடுத்த ஆட்டத்தில் அக்கிலிஸ் வேண்டுமென்றே ஹெக்டரின் காலை உடைக்கிறான். காவியத்தில் டிராய் இளவரசன் ஹெக்டரைக் கொன்று உடலைத் தேரில் கட்டி இழுப்பான். இங்கே ஹெக்டர் புல்லில் கிடந்து அலறும் வீடியோ. தினமும் வாட்ஸ்அப்பில் போடுகிறான், தினமும் சிரிக்கிறார்கள்.

அப்புறம் ஒரு ராத்திரி ஹெக்டரின் அப்பா தனியாக விடுதிக்கு வருகிறார். இதற்காகவே இதை எழுதலாம். காவியத்தில் ஹெக்டரின் அப்பா பிரியம் அரசன், மகனின் உடலைக் கேட்டு வந்து, தன் மகன்களைக் கொன்ற கையை முத்தமிட்டு, "உன் தகப்பனை நினைத்துக்கொள்" என்பான். இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "தம்பி, அந்த வீடியோவை எடுத்துடுப்பா. உங்கப்பாவுக்கும் என் வயசுதானே இருக்கும்?" என்கிறார். பையன் அழுகிறான், அவரும். அங்கே போலவே இங்கேயும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், டிரங்குப் பெட்டியில் இருந்த முறுக்கு.

"ஹெக்டர் ஸ்கூலுக்கு வர எத்தனை நாளாகும் அங்கிள்?"

"பதினொரு நாள்னு டாக்டர் சொல்றார்."

"அதுக்குள்ள எல்லார் போன்லயும் அழிக்க வைக்கிறேன்."

பிரியமும் ஈமச்சடங்குக்குக் கேட்டது அதே பதினொரு நாள்தான். கோப்பை யாருக்கு என்று எழுத மாட்டேன். இலியட்டிலும் டிராய் விழுவதில்லை, ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடும்.